கரியோன் நோய்

கரியோன் நோய் என்பது பார்டோனெல்லா பாசிலிபார்மிசு என்னும் பாக்டீரியாவால் மனிதருக்கு ஏற்படும் தொற்றுநோய் ஆகும். இக்கிருமி குருதிச் சிவப்பணுக்களைத் தாக்குவதால் கடுமையான குருதிச்சோகை உண்டாகிறது. தென் அமெரிக்காவில் பெரு, எக்குவடோர், கொலம்பியா ஆகிய நாடுகளின் அந்தீசு மலைப் பள்ளத்தாக்குகளில் இந்நோய் காணப்படுகிறது. இது மணல் ஈக்கள் கடிப்பதனால் பரவுகிறது.

நோயின் இரு நிலைகள்

முதல் நிலை ஓரோயா காய்ச்சல் எனப்படும். ஈ கடித்து ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின்னர் காய்ச்சல், வெளிறல், மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றும். இரண்டாம் நிலை பெருவிய மரு எனப்படும். பல வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத் தோலில் சிவந்த, குருதி கசியும் மருக்கள் உண்டாகும். இந்நிலையில் உயிருக்கு ஆபத்து அரிது.

சிவப்பணுக்கள் அழியும் முறை

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவினுள் பெருகி அதனை வெடிக்கச் செய்கிறது. பார்டோனெல்லாவோ கசையிழைகளின் உதவியால் நகர்ந்து சிவப்பணுவில் ஒட்டி, அதன் சவ்வைக் குழிவுறச் செய்து உட்புகுகிறது. இவ்வாறு உருக்குலைந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பெருமளவில் அகற்றிவிடுகின்றன. கடும் தொற்றில் பெரும்பாலான சிவப்பணுக்களில் கிருமி காணப்படலாம். நோயெதிர்ப்புத் திறனும் குறைவதால் சால்மோனெல்லா போன்ற பிற தொற்றுகள் எளிதில் சேர்கின்றன.

நோயறிதலும் சிகிச்சையும்

சாயமேற்றிய குருதிப் பூச்சை நுண்நோக்கியில் ஆராய்ந்தும், குருதியிலிருந்து கிருமியை வளர்த்தும் நோய் அறியப்படுகிறது. சிப்ரோபுளோக்சசின், செப்ட்ரியாக்சோன் முதலிய நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பயன்படுகின்றன. தேவைப்படின் குருதி ஏற்றப்படும். சிகிச்சை பெறாவிடில் முதல் நிலையில் இறப்பு மிக அதிகமாகும்.

வரலாறு

1870களில் லிமாவிலிருந்து லா ஓரோயாவுக்குத் தொடர்வண்டிப் பாதை அமைத்த தொழிலாளர்கள் பெருந்தொகையினர் இக்காய்ச்சலால் மாண்டனர். காய்ச்சலுக்கும் மருவுக்கும் தொடர்பு உண்டா என்பது அப்போது தெளிவாகவில்லை. 1885 ஆகத்து 27 அன்று, லிமாவின் மருத்துவ மாணவர் டானியல் அல்சிடெசு கரியோன், நோயாளி ஒருவரின் மருவிலிருந்து எடுத்த குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். 21 நாட்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தம் நோய்க்குறிகளைத் தாமே குறித்து வந்த அவர், அக்டோபர் 5 அன்று 28ஆம் அகவையில் இறந்தார். மருவிலிருந்து வந்த கிருமியே காய்ச்சலையும் உண்டாக்கும் என்பதை அவரது இறப்பு காட்டியது.

1909இல் ஆல்பர்ட்டோ பார்டன் சிவப்பணுக்களில் இக்கிருமியைக் கண்டதாக அறிவித்தார். எனினும் 1913இல் பெரு சென்ற ஆர்வர்டு ஆய்வுக்குழு இரண்டும் வெவ்வேறு நோய்கள் என முடிவு செய்தது. 1920களில் இதேயோ நோகுச்சி நடத்திய ஆய்வுகள் கரியோனின் முடிவை உறுதிப்படுத்தின. அவர் இறந்த அக்டோபர் 5, பெருவில் மருத்துவ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.