காப்பியக் காட்சி மரபுகள்

காப்பியக் காட்சி மரபுகள் என்பன, இடைக்காலத் தமிழ்க் காப்பியங்களில் கதை எதுவாயினும் திரும்பத் திரும்ப இடம்பெறும் வருணனைப் பகுதிகளாகும். மழை பொழிந்து ஆறு பெருகுதல், நாட்டு வளம், நகரச் சிறப்பு, பூக்கொய்தல், நீர்விளையாட்டு, தலைவன் உலா வருதல், படை புறப்படுதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

இம்மரபின் வேர், நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள்களை வரையறுத்த சங்கச் செய்யுள் நெறியில் உள்ளது. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணி ஏமாங்கத நாட்டின் வளத்தை விரித்துப் பாடி இதற்குக் காப்பிய வடிவம் தந்தது. வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிய தண்டியலங்காரம், மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலியவற்றின் வருணனையைப் பெருங்காப்பிய இலக்கணமாகவே வகுத்தது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சோழ நாட்டையும் திருவாரூரையும் இவ்வகையில் பாட, கம்பர் சரயு வெள்ளம் ஒரு நிலத்தின் பொருளை மற்றொரு நிலத்தில் சேர்ப்பதாகக் காட்டி, திணைமயக்கம் எனப்படும் அந்நிலக்கலப்பைக் கோசல நாட்டு வருணனையின் தொடக்கமாக்கினார்.

இம்மரபின் ஆற்றல் தென்பாண்டிக் கரிசல் நிலத்தில் தெளிவாக வெளிப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவர், நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5027 பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடியபோது, அரபு நாட்டையும் ஆறு பாய்ந்து வயல் செழிக்கும் தமிழ் நிலமாகவே நாட்டுப்படலத்தில் காட்டினார். கயத்தாற்று வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய இத்தாலியத் துறவி வீரமாமுனிவர், 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணியில், சூசையப்பரின் கதையை யூதேயாவின் நாட்டுப்படலம், எருசலேமின் நகரப்படலம் ஆகியவற்றுடன் தொடங்கினார்.

ஏட்டுக் காப்பியத்துக்கு மட்டுமன்றி வாய்மொழிக் கதைக்கும் நிலைத்த காட்சிகள் உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனைப் பற்றி வழங்கும் மரபுக் கதைகளில், முயல் நாயை எதிர்த்து விரட்டிய இடத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்ததாகக் கூறப்படுகிறது. வேறு பல கோட்டைகளுக்கும் நகரங்களுக்கும் இதையொத்த தோற்றக்கதைகள் உள்ளன.

ஓமரின் கிரேக்கக் காப்பியங்களில் மீண்டும் வரும் காட்சிகளை ஆராய்ந்த மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோர், அவை நூலின்றிப் பாடும் பாணர்களுக்குத் துணைநின்ற உத்திகள் என விளக்கினர். அவ்வாய்வு முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, இலங்கை அறிஞர் க. கைலாசபதி 1968இல் நூல் வெளியிட்டார். எனினும் எழுத்தில் யாக்கப்பட்ட பிற்காலக் காப்பியங்களில் இக்காட்சிகளின் பணி நினைவுக்கு உதவுவது மட்டுமன்று. பிற நாட்டில் பிறந்த கதையையும் தமிழ் நிலத்தில் நாட்டி, கேட்பவர் தமதென ஏற்கச் செய்ததே இவற்றின் தலையாய பயனாகும்.