எதிர்காற்றும் டீக்கடையும்: கிழக்குக் கடற்கரைச் சாலைச் சைக்கிள்காரர்களின் வெட்டிப்பேச்சு குறித்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கருதுகோளும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி வாக்கில் கோவளத்தை ஒட்டிய டீக்கடைகளின் சுவர்களில் கியர் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். திருவான்மியூரில் விடிவதற்கு முன்பே கிளம்பி, நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி சுங்கச்சாவடி, முட்டுக்காடு பாலம் எல்லாம் தாண்டி வந்தவர்கள் கையில் கண்ணாடித் தம்ளரோடு நிற்பார்கள். மென்பொருள் வேலை பார்ப்பவர், எலும்பு முறிவு மருத்துவர், உதிரிபாகக் கடைக்காரர், கல்லூரி மாணவன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று பல தரப்பினர். சைக்கிள் இல்லாவிட்டால் இவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க முகாந்திரமே இருந்திருக்காது.

இந்தக் கட்டுரை அவர்களுடைய ஓட்டத்தைப் பற்றியதல்ல, பேச்சைப் பற்றியது. அதிலும் வெட்டிப்பேச்சை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. "குழி இருக்கு, பார்த்து" என்பது தேவைக்கான பேச்சு. "போன வாரம் இதே குழியிலதான் எனக்கு டியூப் போச்சு" என்பது வெட்டிப்பேச்சு. அலைபேசிக் குழுக்களில் ஓடும் செய்திகளை ஆய்வில் சேர்க்கவில்லை. அவற்றில் பெரும்பகுதி காலை வணக்கப் படங்கள்.

கருதுகோள் இதுதான். ஓட்டம் ஆட்களை முன்னால் போகிறவர், பின்தங்குகிறவர் என்று கறாராகத் தரம் பிரித்துவிடுகிறது. அந்தத் தரவரிசையோடு அடுத்த ஞாயிறும் எல்லோரும் சேர்ந்து கிளம்புவது எளிதல்ல. அதைக் கலைத்துப்போடும் வேலையைத்தான் டீக்கடைப் பேச்சு செய்கிறது.

2. ஓடும்போது நடக்கும் பேச்சு

2.1 மூச்சு

உடற்பயிற்சி மருத்துவத்தில் 'பேச்சுச் சோதனை' என்று ஓர் எளிய முறை உண்டு. உழைப்பு ஓர் அளவைத் தாண்டினால் மூச்சு வேகம் கூடி, முழு வாக்கியம் பேச வராது. ஆய்வுக்கூடம், கருவி எதுவும் வேண்டாம். இந்தச் சோதனையின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதை ஒருவர்மேல் ஒருவர் நடத்திக்கொண்டேதான் வருகிறார்கள். இதுவரை பக்கத்து வீட்டு வழக்கு விவரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று "ம்", "ஆமா" என்று சுருங்கிவிட்டால், அவருக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது என்று பக்கத்தில் வருபவருக்குத் தெரிந்துவிடும். விஷமக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் "பையன் எந்தக் காலேஜ்ல சேர்ந்தான் சார்?" என்று கேட்பார்கள். பெரிய பதில் தேவைப்படும் கேள்வி. பதில் சொன்னால் மூச்சு போகும், சொல்லாவிட்டால் மானம் போகும்.

2.2 காற்று

இந்தச் சாலை ஏறத்தாழ வடக்கு தெற்காகக் கடலை ஒட்டிப் போகிறது. கோடையில் தெற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது முகத்தில் அறையும். வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் நிலைமை தலைகீழ். போகும்போது நாமே பெரிய வீரர் என்று தோன்றும், திரும்பும்போதுதான் விஷயம் தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 45. காற்றுத் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறுவதால், அமைதியான காற்றில் இருந்ததைப் போல் இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. வரும் வழியில் அதே காற்று முதுகைத் தள்ளினாலும் இழந்த நேரம் முழுசாகத் திரும்பக் கிடைப்பதில்லை, எதிர்காற்றில் மெதுவாகக் கழிந்த நேரம்தான் கூடுதல் என்பதால்.

முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்குக் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை உழைப்பு மிச்சமாகும். அதனால் முன்னால் நிற்பதை முறைவைத்து மாற்றிக்கொள்வது மரியாதை. இந்த மரியாதையை மீறுகிறவரைப் பற்றிய பேச்சுதான் குழுவின் முதல் ஒழுக்கநூல். "வழியெல்லாம் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்துட்டு, கோவளம் போர்டு தெரிஞ்சதும் ஸ்பிரிண்ட் அடிச்சான் பாரு" என்ற வாக்கியத்தைக் கேட்காத டீக்கடை இல்லை. சொல்வது சிரித்துக்கொண்டுதான். ஆனால் அப்படிச் செய்தவன் அடுத்த வாரம் முன்னால் நின்று இழுப்பான்.

3. டீக்கடைப் பேச்சு

3.1 வண்டி

யாரும் 'சைக்கிள்' என்று சொல்வதில்லை, 'வண்டி'தான். ஷிமானோ நிறுவனத்தின் கியர் தொகுதிகளில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா-ஏஸ் என்று படிகள் உண்டு. ஒவ்வொருவரும் தான் நிற்கும் படிதான் நியாயமானது என்றும், அதற்கு மேல் உள்ளது வீண் செலவு என்றும் வாதாடுவார்கள். ஒரு வருஷத்தில் அடுத்த படிக்கு ஏறிவிட்டு அங்கிருந்தும் இதையே சொல்வார்கள். விலையைப் பொறுத்தவரை வீட்டில் சொன்னது ஒன்று, டீக்கடையில் சொல்வது ஒன்று. பில்லில் இருப்பது வேறு.

ஆனால் வண்டிப் பேச்சு முழுக்க வெறும் பெருமை இல்லை. செயின் தேய்மானத்தை அளப்பது எப்படி என்று உதிரிபாகக் கடைக்காரர் மருத்துவருக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். 24 கண்ணிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். சொன்னவர் கையில் கிரீஸ். கேட்டவர் குந்தி உட்கார்ந்து, எக்ஸ்ரே பார்க்கும் முகத்தோடு ஒவ்வொரு கண்ணியாக எண்ணினார். அந்தக் கால்மணி நேரத்துக்கு யார் 'சார்', யார் 'ப்ரோ' என்ற வழக்கமே மாறிப்போயிற்று.

விளிச்சொற்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். வயது எதுவானாலும் 'ப்ரோ' பொது. அறுபது வயதுக்காரர் இளைஞர்களை முந்திப்போனால் 'சார்' ஆகிவிடுவார். 'அங்கிள்' என்று மட்டும் யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது. தெரியாமல் கூப்பிட்ட ஒரு மாணவனை அந்த 'அங்கிள்' மாமல்லபுரம் வரை மூச்சுவிட முடியாமல் இழுத்துக்கொண்டு போனார்.

3.2 எண்

2009-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா செயலி, ஒவ்வொரு ஓட்டத்தையும் வரைபடமாகவும் எண்ணாகவும் பதிந்து எல்லோருக்கும் காட்டிவிடுகிறது. சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வேகமானவருக்குக் கிரீடமும் வைக்கிறது. இது வந்த பிறகு புளுகுக்கு இடம் குறைந்ததாகச் சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் தேவையற்றது. சிக்னலில் நின்ற நேரத்தைக் கழிப்பதா கூடாதா என்பதிலேயே முழு டீ நேரமும் ஓடிவிடுகிறது. சராசரி 29.8 என்று வந்தால் அதை முப்பது என்று சொல்லலாமா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. ஓட்டம் முடிந்து வீட்டு வாசலுக்கு வரும்போது 99.3 கிலோமீட்டர் என்று காட்டினால், குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நூறாக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். வாட்ச்மேன் இதற்குப் பழகிவிட்டார்.

சென்னையில் பெரிய மலை கிடையாது. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள மேம்பாலங்கள்தான். அதனால் மலையேறியவரின் எண்ணுக்கு இங்கே தனி மதிப்பு. ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகள் பாலபாடம், கொல்லிமலையின் 70 வளைவுகள் பட்டமேற்படிப்பு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 வளைவுகளோடு செங்குத்தாக ஏறும் கல்லட்டிப் பாதை, 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸுக்குப் போய்வந்தவர்கள் வாயில் புராணமாகிவிட்டது. "கல்லட்டில இறங்கித் தள்ளினியா?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோரும் உண்மை சொல்கிறார்கள். தள்ளியதே ஒரு தகுதிதானே.

3.3 சாக்கு

இந்த ஆய்வில் கிடைத்த மிகச் செழிப்பான வகை இது. கருதுகோளுக்கு வலுவான சான்றும் இதில்தான் இருக்கிறது.

சாக்கு, ஓட்டத்துக்கு முன்பே தொடங்குகிறது. திருவான்மியூரில் விளக்கடியில் நின்று டயரை அழுத்திப் பார்க்கும்போதே "நைட்டு தூக்கமே இல்ல ப்ரோ", "ரெண்டு வாரமா வண்டியைத் தொடல", "இன்னைக்குச் சும்மா ரிகவரி ரைடுதான்" என்று ஆளுக்கொன்று விழும். ரிகவரி என்று சொன்னவர் அக்கரை தாண்டியதும் 35-இல் போவார். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறார்கள், தெரிந்தும் "நானும் மெதுவாத்தான்" என்று ஏற்றுக்கொள்கிறார்கள். தோற்றால் தூக்கமின்மை தோற்றதாகக் கணக்கு. ஜெயித்தாலோ, தூங்காமலே ஜெயித்ததாகிவிடும்.

ஓட்டத்துக்குப் பின் வரும் சாக்குக்கு விதிகள் கடுமை. முதலாவது, பழி மனிதர்மேல் விழக்கூடாது. காற்று, டயர், பிரேக் ஷூ உரசல், நேற்றைய பிரியாணி எல்லாம் செல்லும். "நீங்க வேகத்தைக் கூட்டிட்டீங்க" என்பது செல்லாது. இரண்டாவது, சாக்கு சரிபார்க்க முடியாததாக இருக்க வேண்டும். பிரேக் உரசியது என்று சொன்னால் உடனே இரண்டு பேர் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவார்கள். அதனால் அனுபவசாலிகள் வயிற்றைத்தான் சொல்வார்கள். மூன்றாவது விதிதான் முக்கியம். சாக்கைக் கேட்டவர் அதற்குத் துணைச்சாக்கு கொடுத்தாக வேண்டும். "ஆமா சார், இன்னைக்குக் காத்து ரொம்ப மோசம்" என்று சொல்கிறவர், அதே காற்றில், இவருக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பவர். அவர் பொய் சொல்லவில்லை, காற்று மோசம்தான். ஆனால் அது தனக்கும் அடித்தது என்பதை அவர் சொல்லாமல் விடுகிறார். குழு கட்டுக்குலையாமல் இருப்பது இந்த நாகரிகத்தால்தான் என்பது என் துணிபு.

விதி தெரியாத புதியவர் ஒருவர் "இன்னைக்கு நான் நல்லா ஓட்டினேன்" என்று நேராகச் சொல்லிவிட்டால் பெஞ்சில் சட்டென்று பேச்சு நின்றுபோகும். யாராவது வடை வந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

எப்படிச் சொன்னாலும் செல்லாத சாக்கு ஒன்று உண்டு. முதல்நாள் இரவு "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் வராமல் போவது. அலாரம் அடிக்கவில்லை என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. அடுத்த வாரத்து டீக்காசு அவர் கணக்கு.

4. இரவுப் பேச்சு

நெடுந்தூரக்காரர்கள் தனிச் சாதி. 1904-இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் வகுத்த முறைப்படி, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 300-ஐ 20 மணியிலும் 400-ஐ 27 மணியிலும் 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் 'சூப்பர் ராண்டனியர்'. இங்கே யாருக்கும் முதல் பரிசு கிடையாது, நேரத்துக்குள் முடித்தாயா என்பதுதான் கேள்வி. வழியில் இன்ன இடத்தைக் கடந்தேன் என்பதற்கு ஏடிஎம் சீட்டோ கடை பில்லோ காட்டுவார்கள். நடுநிசியில் இருபது ரூபாய் இருப்பு விவரத்துக்காக ஏடிஎம் வாசலில் ஹெல்மெட்டோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக் காவலாளிகள் மிரண்ட கதைகள் நிறைய உண்டு.

போட்டி இல்லாததால் இவர்களிடம் சாக்கும் குறைவு. ஆனால் பேச்சு மிக அதிகம், காரணம் தூக்கம். இரவு இரண்டு மணிக்கு மேல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே கண் செருகும். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே வந்தால்தான் பிழைப்பு. மணிக்கு இருபது கிலோமீட்டர் என்பது பேச இடம் கொடுக்கும் வேகமும்கூட. கடன், காதல், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று பகலில் வாய் திறக்காத விஷயங்களை, முகம் தெரியாத இருட்டில், சாலையைப் பார்த்தபடி சொல்லிவிடுகிறார்கள். விடிந்ததும் இட்லிக் கடையில் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. தூக்கத்தோடு மல்லுக்கட்டுவது பழைய கதை. 1891-இல் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் 1,200 கிலோமீட்டரை 71 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்து வென்ற ஷார்ல் தெரோன் தூங்காமல் ஓட்டியதாகச் சொல்வார்கள். இன்று அதே ஓட்டம் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போய்வந்தவர்களிடம் கேட்டால் பிரெஞ்சுக் கிராமத்தார் நடுராத்திரியில் வாசலில் மேசை போட்டுக் காப்பி கொடுத்ததைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

5. பேசப்படாதவை

விபத்தைப் பற்றிய பேச்சு உண்டு, பயத்தைப் பற்றி இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்ததை நகைச்சுவையாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு லாரி ஹாரன் கேட்டாலே கை நடுங்குகிறது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

பெண்கள் தனியாகச் சேர்ந்து நிற்கும்போது பேச்சு வேறு தடத்தில் ஓடுகிறது. எந்த இடத்தில் தெருவிளக்கு எரியவில்லை, எத்தனை மைல் தொலைவுவரை ஒரு பைக் பின்னாலேயே வந்தது, எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தம் என்பது போன்ற செய்திகள். என் வரையறைப்படி இவையெல்லாம் தேவைக்கான பேச்சு. அதாவது வெட்டியாகப் பேச அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் ஆண்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்த, பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்ற வரலாறு நமக்கு உண்டு. அதே மாநிலத்தின் தலைநகரில் இன்னும் நிலைமை இப்படி.

6. பக்கத்து பெஞ்சு

அதே டீக்கடையில், அதே நேரத்தில், இன்னொரு வகைச் சைக்கிள்காரர்களும் டீ குடிக்கிறார்கள். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர், மீன் கூடையைக் கேரியரில் கட்டியவர், பால் போடுகிறவர். சராசரியாகப் பார்த்தால் இவர்கள் ஓட்டும் கிலோமீட்டர் ஆர்வலர்களுடையதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், பதிந்துவைக்க ஸ்ட்ராவாதான் இல்லை. இரு பெஞ்சுகளுக்கும் இடையே வழக்கமாக ஒரே ஒரு கேள்விதான் கடக்கும்: "என்ன விலை சார் இது?"

பஞ்சர் ஆனால்தான் உரையாடல் நீளும். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்து, தேய்த்து, ஒட்டுப்போட்டுவிடுவார். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். "இந்த வால்வு ஒல்லியா இருக்கு, நம்ம பம்ப்ல ஏறாது சார்." ரேஸ் சைக்கிளின் பிரெஸ்டா வால்வுக்கு விரல்நுனி அளவுப் பித்தளை அடாப்டர் வேண்டும். அதை எல்லோரும் வாங்கியிருப்பார்கள், எல்லோரும் வீட்டில் வைத்திருப்பார்கள்.

அப்படி ஒருநாள் காத்திருந்த வேளையில் மீன்காரப் பெரியவர் எழுந்து வந்து கார்பன் வண்டி ஒன்றைச் சுற்றிப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். விலையைச் சொன்னார்கள், குறைத்துத்தான். அவர் நம்பவில்லை.

"ஸ்டாண்டு எங்க?"

"இதுக்கு ஸ்டாண்டு கிடையாதுங்க."

"கேரியர்?"

"இல்லீங்க."

"மட்கார்டு, பெல்லு, பூட்டு?"

வண்டிக்காரர் எடை குறைவு என்பதை விளக்கத் தொடங்கினார். பெரியவர் முழுசாகக் கேட்டார், ஒரு விரலால் வண்டியைத் தூக்கியும் பார்த்தார். "எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டு விலையை மட்டும் ஏத்திட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிக் கிளம்பினார். அந்த வாக்கியம் இப்போது குழுவில் புழக்கத்தில் இருக்கிறது. யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.