சாகாமல் வெளியேறுதல்: ‘பிளைத் ஸ்பிரிட்’டின் இரண்டு முடிவுகள்

பேய்க் காமெடியின் முடிவில் வரலாறு என்ன கிடக்கிறது என்று கேட்கலாம். ஒரே கதை நான்கு வருஷ இடைவெளியில் இரண்டு விதமாக முடிந்தால், கேட்டுத்தான் ஆகவேண்டும். நோயல் கவர்டின் ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகமும் (1941) டேவிட் லீன் அதை எடுத்த படமும் (1945) அப்படிப்பட்டவை.

நாவலுக்குத் தகவல் தேடும் எழுத்தாளன் சார்லஸ், ஆவிகளோடு பேசுகிற ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைக்கிறான். செத்துப்போன முதல் மனைவி எல்வைரா வந்து சேர்கிறாள். அவனைத் தன்னிடம் கொண்டுபோக அவள் காரைக் கெடுத்துவைக்க, அதில் ஏறிச் சாவது இரண்டாம் மனைவி ரூத். இப்போது வீட்டில் இரண்டு ஆவிகள்.

நாடகத்தில் சார்லஸ் இருவரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பின்னால் அந்த அறையே நொறுங்குகிறது. அவன் உயிரோடு போகிறான். படத்திலோ காரில் கிளம்பியவன் விபத்தில் செத்து, பாலச் சுவரில் காத்திருக்கும் இரு மனைவிகளுக்கும் நடுவே ஆவியாக வந்து விழுகிறான்.

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை நடந்த ஜெர்மன் குண்டுவீச்சில் பிரிட்டனில் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். அதே மே மாதம் ஒரு வாரத்துக்குள் கவர்ட் இதை எழுதினார். ஜூலையில் லண்டனில் அரங்கேறியபோது, இடிபாடுகள் மேல் போட்ட பலகைகளில் நடந்து ஜனங்கள் உள்ளே போனார்கள். கிரகாம் கிரீன் இதை ரசக்குறைவு என்று சாடினார். நாடகம் 1,997 தடவை நடந்தது.

பிரதியில் போரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் நொறுங்குகிற வீட்டிலிருந்து ஒருவன் முழுசாக வெளியேறுவதை அந்தப் பார்வையாளர்கள் பார்த்தார்கள். போர்க்காலச் சொல்லாடல் சாவைத் தியாகமாக்கி, இருப்பவர்களைச் செத்தவர்களின் கடனாளி ஆக்குகிறது. கவர்டும் லீனும் சேர்ந்து 1942இல் இயக்கிய ‘இன் விச் வீ சர்வ்’ அந்த ரகம்தான். அங்கே சொல்ல முடியாததை இந்தக் காமெடி சொல்லிவிடுகிறது: செத்தவங்க செத்தாச்சு, நான் இருக்கேன். இதயமற்ற வார்த்தைதான். பிழைத்துக்கிடந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது என்பதே என் வாசிப்பு.

1945இன் படம் இந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடன் வசூலாகிவிடுகிறது. ‘பெண்கள் பக்கம் நின்றால் இதுதானே நியாயம்?’ என்றார் நண்பர் ஒருவர். சார்லஸ் யோக்கியனில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்வைராவுக்கும் ரூத்துக்கும் கிடைத்தது என்ன? அதே புருஷன், அதே சக்களத்தி, இம்முறை சாவுகூடப் பிரிக்க முடியாத திருமணம். அவனைத் தண்டிக்கிற சாக்கில் குடும்பம் மூன்று பேரையும் பூட்டிவைக்கிறது.

படத்தின் முடிவு கச்சிதமானது, சிரிப்பும் வருகிறது. நாடகத்தின் முடிவில் கச்சிதம் இல்லை, அவன் எங்கே போவான் என்று தெரியாது. குண்டுக்குத் தப்பியவர்களுக்கும் அது தெரியாமல்தான் இருந்தது.