மனுவில் இல்லாத குரல்

மந்தைவெளியில் உளவியல் ஆலோசனைக்கு முதல்முறை செல்லும் தோழிகள், "உள்ளே என்ன கேட்பார்கள்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டப்படி, கணவரோ உறவினரோ கொடுத்த மனுவும் இரண்டு மருத்துவச் சான்றிதழ்களும் இருந்தால், மாஜிஸ்திரேட் ஒரு பெண்ணைக் காப்பகத்துக்கு அனுப்ப முடிந்தது. அவள் கதையைப் பிறரே தொடங்கினார்கள். 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பேற்ற சாரதா மேனன், புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். வீட்டிலிருந்தே வந்துபோக வழி பிறந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரகசியத்தை நம் உரிமையாக்கியது. உயிராபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. எனவே, துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லலாம். தூக்கம், பசி, மனக்கஷ்டம் எப்போது தொடங்கியது என்றெல்லாம் கேட்பார்கள். சொல்ல மனமில்லாததற்கு "அடுத்த முறை சொல்கிறேன்" என்றால் போதும். நீங்களும் கேள்வி கேட்கலாம்.