குலக்கல்வியிலிருந்து செயல்வழிக் கற்றல் வரை: ஜவ்வாது மலையில் நின்று சில கேள்விகள்

'அனுபவவழிக் கற்றல்' என்ற சொல் ஆசிரியர் பயிற்சி முகாம்களில் இப்போது ஏகத்துக்கும் புழங்குகிறது. காதால் கேட்டு மனப்பாடம் செய்வதைவிடக் கையால் செய்து கற்பது மேல் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. ஆனால் தமிழ்ச் சூழலில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை மறைத்துவிட்டு வெறும் கற்பித்தல் உத்தியாக இதைப் பேசுவது அரசியல் நீக்கம் செய்கிற வேலை. எந்தக் குழந்தைக்கு, எந்த அனுபவம், யார் தீர்மானித்தது? இந்த மூன்று கேள்விகளோடு அவ்வரலாற்றை ஜவ்வாது மலையில் நின்று வாசித்துப் பார்க்கலாம்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்ததும், பிறகு ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமாக ஆக்கியதும்தான் ஆதாரக் கல்வி. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியே கணக்கு, மொழி, சமூகம் எல்லாவற்றையும் கற்பிப்பது என்பது அதன் ஏற்பாடு. நூற்கிற பிள்ளை நூலை அளக்கையில் கணக்குப் படிக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழில் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. எந்தச் சாதிப் பிள்ளையானாலும் அதே ராட்டைதான்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக்கல்வித் திட்டமும் ஏறத்தாழ இதே மொழியில்தான் பேசிற்று. ஆனால் திசை தலைகீழ். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் நாளைக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் ஊர்க் கைவினைஞர்களிடம் போய்ப் பார்த்துக் கற்க வேண்டும். இரண்டு ஷிப்டாகப் பள்ளி நடத்தினால் இருக்கிற ஆசிரியர்களை வைத்தே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். பெரியாரும் தி.மு.க.வும் இதைக் 'குலக்கல்வி' என்று அடையாளங்காட்டிப் போராடினார்கள். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பைச் செயல்வழிக் கல்விக்கே எதிரானதாகச் சிலர் இன்றும் சித்திரிக்கிறார்கள். அது சரியில்லை. இந்தக் கோட்பாட்டின் மூலவர்களில் ஒருவரான ஜான் டூயி, 1938இல் எழுதிய 'அனுபவமும் கல்வியும்' நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, அடுத்த அனுபவத்துக்குப் போகும் வழியை அடைக்கிற அனுபவம் கல்விக்கு விரோதமானது என்று வாதிடுகிறார். தகப்பன் தொழிலுக்குள்ளேயே மகனைத் திருப்பி அனுப்புகிற திட்டம் இந்த அளவுகோலில் தேறாது. டூயியிடம் கொலம்பியாவில் படித்தவர் அம்பேத்கர். சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைக்கிறது என்று அவர் 1936இல் எழுதியதையும் டூயியையும் சேர்த்துப் படித்தால், 1953இல் தெருவுக்கு வந்தவர்கள்தான் இந்தக் கோட்பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சரி, அந்தத் திட்டம் நிலைத்து ஜவ்வாது மலைக்கும் ஏறி வந்திருந்தால்? அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்றே பொருள் சொல்வார்கள்) சாமையும் தினையும் விதைப்பவர்கள். தேன், புளி, கடுக்காய் சேகரிப்பவர்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகள் காப்புக்காடுகளாயின. காட்டைத் திருத்தி விதைப்பதும், விறகெடுப்பதும், ஆடுமாடு மேய்ப்பதும் அனுமதி வேண்டுகிற காரியங்களாக, பல இடங்களில் குற்றங்களாகவே ஆயின. தகப்பன் தொழிலைக் குற்றமாக்கிய அரசே அதைப் பிள்ளைக்குப் பாடமாகவும் வைக்குமா?

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் வேறொரு கண்ணி. டேவிட் ஹார்ஸ்பரோவின் நீல்பாக் பள்ளி, ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள் ஆகியவற்றின் சோதனைகளிலிருந்து கற்றுக்கொண்ட முறை இது. அட்டைகள், ஏணிப்படி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் பாய், ஆசிரியரும் தரையில். 2007-08இல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பிரம்பும் மேசையும் கட்டிக்காத்த அதிகாரத்தை இது கொஞ்சமாவது கலைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளையை மனப்பாட வகுப்பு எப்படி விரட்டியடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரே அட்டைதான் சென்னைக்கும் ஜமுனாமரத்தூருக்கும். சாமை குத்துகிற வீட்டுப் பிள்ளை சமவெளியின் அனுபவத்தைத் 'தன் அனுபவம்' என்று அட்டையில் அடுக்கியது. செய்யும் கை அதனுடையது. செய்ய வேண்டியது என்ன என்பதை வேறெங்கோ முடிவு செய்தார்கள்.

மலையின் அனுபவத்துக்கு வெளியே என்ன விலை என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். மரம் ஏறவும் வெட்டவும் காட்டில் வழி காணவும் தெரிந்த அறிவு அது. அந்த அறிவைச் சந்தை கூலிக்கு வாங்கியது, அரசு துப்பாக்கியால் எதிர்கொண்டது. பள்ளிக்கூடமோ அதை அறிவென்றே கணக்கில் வைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2020இன் தேசியக் கல்விக் கொள்கையை வாசிக்க வேண்டும். அனுபவவழிக் கற்றலை அது எல்லா நிலைகளிலும் வலியுறுத்துகிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பத்து நாட்கள் பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பழகலாம் என்கிறது. தமிழ்நாட்டில் உடனே 'குலக்கல்வி' என்ற சொல் திரும்பி வந்ததில் வியப்பில்லை. பத்து நாளும் அரை நாள் பள்ளியும் ஒன்றல்லதான். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது: நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்குச் சுற்றுலாவாகிற அந்தப் பத்து நாள், குயவர் வீட்டுப் பிள்ளைக்கு என்னவாகும்?

அனுபவத்தைப் பாடமாக்கக் கூடாதா என்றால், ஆக்கலாம், அது பிள்ளையை வெளியே கொண்டுபோகிறதாக இருக்க வேண்டும். ஜவ்வாது மலையிலேயே அதற்கு வழி இருக்கிறது. செங்கம் பகுதி நடுகற்களைத் தொட்டு வாசித்தால் மாடு பிடிச் சண்டையிலிருந்து பல்லவர் ஆட்சிவரை வரலாறு விரியும். காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். மலையின் இருட்டைத் தேடித்தான் அந்த ஆய்வகம் அங்கே ஏறியது. அந்த இருட்டில் வளர்கிற பிள்ளைக்கு வானம் பாடமாக வேண்டாமா? 2006இன் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோருகிற நிலத்தின் எல்லையை நடந்து அளந்து வரைபடம் போடுவதில் கணக்கும் சட்டமும் குடிமையியலும் ஒருசேர இருக்கின்றன. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் முடங்கி, 2016இல் தடை நீங்கிய பிறகே அசைந்த சட்டம் அது.

இப்படிப்பட்ட பாடத்தை எந்தப் பயிற்சிக் கையேடும் தானாகத் தந்துவிடாது. மலைக்காரர்கள் ஆசிரியர்களாக வகுப்பறைக்குள் வந்து, எது பாடம் என்று சொல்கிற இடத்தில் உட்கார வேண்டும். அதற்கான கோரிக்கையைக் கல்வி இயக்கங்கள் இனியாவது முன்னால் வைத்துப் பேச வேண்டும்.