பிறகு வந்து சேர்ந்த மண்டபம்

பிராக் நகரில் வல்தாவா ஆற்றங்கரையில் நிற்கும் ருடால்ஃபினம் மண்டபத்தையும் செக் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவையும் கூடவே பிறந்தவை போலப் பேசுவது வழக்கம். ஆனால் 1885 பிப்ரவரியில் மண்டபம் திறக்கப்பட்டபோது இசைக்குழுவே கிடையாது. போஹீமியச் சேமிப்பு வங்கி தன் பொன்விழா நினைவாகக் கட்டி, ஹாப்ஸ்பர்க் பட்டத்து இளவரசர் ருடால்ஃபின் பெயரை அதற்குச் சூட்டியது. அதே ஆற்றங்கரையில் தேசிய நாடக அரங்கு இருக்கிறது. மண்டபத்தைப் போலவே அதையும் வரைந்தவர் கட்டடக் கலைஞர் யோசெஃப் சீடெக்தான். ஆனால் அது செக் மக்களின் வசூல் பணத்தில் எழுந்தது. 1881இல் எரிந்தபோது மறுபடியும் வசூலித்தே மீட்டார்கள். இசைக்குழுவின் தாய்வீடு இந்த நாடக அரங்குதான். அரங்கின் வாத்தியக்காரர்கள் தங்கள் ஓய்வூதிய நிதிக்காகவும் சேர்ந்து கச்சேரி செய்தார்கள். தேசியப் பெருமிதத்தோடு விதவைகள், அநாதைகள் பற்றிய கவலையும் அதில் கலந்திருந்ததை விழா மலர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1901இல் ஒரு வேலைநிறுத்தத்தையொட்டித்தான் குழு தனித்து நின்றது.

முதல் கச்சேரியே ருடால்ஃபினத்தில்தானே நடந்தது என்று கேட்கலாம். உண்மைதான். 1896 ஜனவரி 4 அன்று இசையமைப்பாளர் துவோர்ஷாக் அங்கே தம் படைப்புகளைத் தாமே நடத்தினார். 'புதிய உலகம்' சிம்ஃபனியும் அவற்றில் ஒன்று. ஆனால் முதல் மேடை என்பதாலேயே அது சொந்த வீடாகிவிடாது. நாடு விடுதலை பெற்ற பின் அந்த மண்டபத்தில் வயலின்கள் அல்ல, நாடாளுமன்ற உறுப்பினர்களே அமர்ந்தார்கள். 1939 வரை அது கீழவைக் கட்டடம். வாத்ஸ்லாவ் தாலிக் 1919இல் தலைமை நடத்துநராகப் பொறுப்பேற்று இசைக்குழுவை உலகத் தரத்துக்கு உயர்த்தியதும் அதே ஆண்டுகளில்தான், நகராட்சி மாளிகையின் ஸ்மெத்தனா அரங்கில். ருடால்ஃபினத்தை மீண்டும் கச்சேரி மண்டபமாக்கியதோ 1940களின் தொடக்கத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது. தேசியச் சின்னம் என்று கொண்டாடுபவர்களுக்குச் சங்கடமான தகவல் இது.

மண்டபத்தின் ஒலியே குழுவின் ஒலியை வளர்த்தது என்பது இன்னும் வலுவான வாதம். இசைக்குழு அங்கே குடியேறிய 1946க்குப் பிந்தைய காலத்துக்கு, குறிப்பாக நடத்துநர் ஆன்செர்ல் காலத்து ஒலிப்பதிவுகளுக்கு, அது பொருந்தும். தாலிக் காலத்துக்குப் பொருந்தாது. நாட்டின் பெரிய தருணங்களும் மண்டபத்தைத் தேடிப் போகவில்லை. 1948இல் நாட்டைவிட்டு வெளியேறிய நடத்துநர் ரஃபேல் குபெலிக் 1990 மே மாதம் திரும்பி வந்து ஸ்மெத்தனாவின் 'என் தாய்நாடு' படைப்பை நடத்தியபோது, வாசித்தது செக் ஃபில்ஹார்மானிக். இடம் ஸ்மெத்தனா அரங்கு.