இடிபடாத மாளிகை

நம் ராதாபுரத்திற்கு வடகிழக்கே உள்ள பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ஆம் ஆண்டில் கும்பினிப் படை கைப்பற்றித் தரைமட்டமாக்கியது. தோற்றவர் அரண்மனையை இடிப்பது வென்றவர் வழக்கம். அங்ஙனமாயின், 1947-இல் விடுதலை பெற்ற நாம் ஆங்கிலேயரின் மாளிகையை என்ன செய்தோம்? அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1911-ஆம் ஆண்டு தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவித்தார். அதன்பின் வைசிராய்க்கென லட்யன்ஸ் என்னும் கட்டடக்கலை அறிஞர் வகுத்த மாளிகை, ரைசினாக் குன்றின்மீது எழுந்து 1929-இல் நிறைவுற்றது. அதில் அறைகள் 340. அரசின் வலிமை கண்டு மக்கள் அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் பதினெட்டே ஆண்டுகளில் அவ்வரசு அகன்றது.

1948 ஜூனில் தலைமை ஆளுநராக அங்குக் குடியேறிய முதல் இந்தியர் ராஜாஜி. வைசிராய்களின் ஆடம்பரப் பள்ளியறையை விலக்கி, சிறிய அறைகளையே அவர் தேர்ந்துகொண்டார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அவ்வழியையே பின்பற்றினர். 1950 ஜனவரி 26-இல் அம்மாளிகையின் தர்பார் மண்டபத்தில் இராசேந்திர பிரசாத் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை அங்கு வாழ்ந்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அக்ரா நகரில் டேனியர் எழுப்பிய கோட்டையில் ஒருகாலத்தில் அடிமைகள் அடைக்கப்பட்டனர். 1957-இல் விடுதலை பெற்ற கானா, அக்கோட்டையையே தன் ஆட்சியிடமாக்கிக்கொண்டது.

பகைவர் மாளிகையை இடித்தல் எளிது. அதில் குடிமகன் ஒருவரை அமர்த்தி, குறித்த காலம் முடிந்ததும் அமைதியாக வெளியேறச் செய்தல் அரிது. அவ்வரிய செயலைத் தொடர்ந்து காக்கும் பொறுப்பு, இனி வாக்களிக்கப்போகும் உங்களுடையது.